மருந்துக்கும் பதம் பார்க்கலாம்

திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூர்ப் பக்கம் மெல்லும் புகையிலை விளைகிறது. அதை வாயில் அடக்கிப் பழகியவர்களைப் பிடிக்கும் பெரிய நோய் வாய்ப்புற்று. இருவருக்கு ஒரே புற்று, ஒரே மருந்து என்றாலும் ஒருவருக்குக் கட்டி கரைகிறது. இன்னொருவருக்கு முடி கொட்டியதுதான் மிச்சம். எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு வழி உண்டு. நம்மூர் பிரியாணிக் கூடம் வழியாகவே அதற்குள் போவோம்.

முதலில் கறி எடுப்பது. மருத்துவர் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுக்கிறார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கட்டி, அடிபிடித்த அண்டா மாதிரி. ஓரம் ஒரு விதம், நடு ஒரு விதம். அதனால் முடிந்தால் இரண்டு மூன்று இடங்களில் எடுப்பார்கள்.

அடுத்து ஊறவைப்பது. முற்றிய கறியில் பப்பாளிக்காயை அரைத்துத் தடவினால் நார் தளரும். அது காயிலுள்ள நொதியின் வேலை. ஆய்வகத்திலும் துண்டைப் பொடியாக நறுக்கி வேறொரு நொதியில் ஊறவைக்கிறார்கள். செல்கள் சிறு கொத்துகளாகப் பிரிந்துவிடும்.

பிறகு தம் போடுவது. வெறும் தட்டில் பரப்பினால் செல்களின் சுபாவம் மாறிவிடும். அதனால் ஒரு கூழில் பொதிக்கிறார்கள். ஆட்டுக்கால் சூப் ஆறினால் உறையும். இந்தக் கூழ் நேர்மாறு. பனிக்கட்டியில் வைத்தால் தண்ணீராக இருக்கும், உடல் சூட்டில் உறையும். மேலே ஊட்டநீர் விட்டு 37 டிகிரியில் வைத்தால், சில வாரங்களில் குட்டி உருண்டைகள் திரளும். இவைதான் ஆர்கனாய்டுகள்.

கடைசியில் பரிமாறிப் பார்ப்பது. 96 குழி கொண்ட தட்டில் உருண்டைகளைப் பிரித்துப் போட்டு, குழிக்கு ஒரு மருந்து, ஒரு அளவு என்று விடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சில குழிகளில் மருந்தே விடுவதில்லை. சில நாள் கழித்து, மின்மினிப் பூச்சியின் ஒளி நொதியைச் சேர்க்கிறார்கள். உயிருள்ள செல்லில் இருக்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு அதை மினுங்க வைக்கும். குழி மின்னினால் புற்று பிழைத்திருக்கிறது. மங்கினால் மருந்து கேட்டிருக்கிறது.

பெங்களூரின் மித்ரா பயோடெக் நிறுவனம் வேறு வழியில் போனது. உருண்டை வளர்க்காமல், கட்டியையே மெல்லிசாகச் சீவி, அதே நோயாளியின் ரத்தச் சீரத்தோடு வைத்து மருந்து கொடுத்தது. தலை கழுத்துப் புற்றும் பெருங்குடல் புற்றும் உள்ளவர்களில், 109 பேரின் விவரத்தால் கணிப்புமுறையைப் பழக்கி, 55 பேரிடம் சோதித்த முடிவு 2015-ல் வெளியானது. லண்டனில் 71 நோயாளிகளின் கட்டிகளைக் கொண்டு ஆர்கனாய்டு வளர்த்த ஆய்வு 2018-ல் வந்தது. அதில் ஒப்பிட முடிந்தவர்களில், தட்டு ‘கேட்காது’ என்ற மருந்து உடம்பிலும் கேட்கவில்லை. ‘கேட்கும்’ என்றதில் 100-க்கு 88 பலித்தது. ஆக, வீண் மருந்தைக் கழித்துக்கட்டுவதில்தான் தட்டு கெட்டி.

ஆனால் தட்டில் ரத்தக் குழாய் கிடையாது. நோய் எதிர்ப்புச் செல்களும் பெரும்பாலும் கிடையாது. சில கட்டிகள் வளரவே வளராது. வளரும்வரை நோயும் காத்திருக்காது. அதனால் இது இன்னும் பெருமளவு ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இதற்காக நடக்கிற சிகிச்சையை நிறுத்தாதீர்கள். இந்தச் சோதனைக்குப் பணம் கட்டும் முன் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். வாயில் புண் மூன்று வாரம் தாண்டியும் ஆறாவிட்டால், உடனே அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.