உழைக்கும் கைகள் குறையும் காலம்

சிவப்பு முக்கோணத்தின் கீழே 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவர்தோறும் எழுதிவைத்த காலம் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு அதைக் கேட்டது, கேட்டதற்கு மேலும் செய்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். பீகாரில் 3.0.

பிறப்பு குறைந்தால் முதல் சில பத்தாண்டுகள் ஒரு நாட்டுக்கு நல்ல காலம். வளர்க்க வேண்டிய பிள்ளைகள் குறைவு, முதியவர்கள் இன்னும் பெருகவில்லை, சம்பாதிக்கும் வயதினரே அதிகம். மிச்சமாகும் காசு பிள்ளையின் படிப்புக்கும் சேமிப்புக்கும் போகும். 1965 முதல் 1990 வரை கிழக்காசியா கண்ட வளர்ச்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வயது மாற்றத்தால் வந்தது என்று டேவிட் புளூம், ஜெஃப்ரி வில்லியம்சன் என்ற பொருளியலாளர்கள் 1998இல் கணக்கிட்டார்கள். ஆனால் ஆள் இருந்தால் மட்டும் போதாது. தென்கொரியா தன் இளைஞர்களுக்குப் படிப்பைக் கொடுத்தது, படித்தவர்களுக்குத் தொழிற்சாலையைக் கட்டியது. லத்தீன் அமெரிக்காவிலும் பிறப்பு குறைந்தது. 1980களில் அந்த நாடுகள் கடனில் சிக்கி அந்தப் பலனைக் கோட்டைவிட்டன.

தமிழ்நாடு கோட்டைவிடவில்லை. மதிய உணவு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. படித்த பெண்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போனார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களில் பத்துக்கு நால்வர் இங்கேதான் இருக்கிறார்கள். நம் வளர்ச்சியின் முதுகெலும்பு அவர்கள் என்பேன்.

அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2011இல் நம் மக்களில் 10.4 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. திருப்பூர்த் தையல் மெஷின்களில் ஏற்கெனவே பீகார், ஒடிசா இளைஞர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஜப்பான் பணக்கார நாடாகிய பிறகு முதுமை அடைந்தது. நமக்கு அந்த அவகாசம் இல்லை.

பீஸ் ரேட்டுக்குத் தைத்த பெண்களில் எத்தனையோ பேருக்கு பி.எஃப். கிடையாது, ஒற்றைப் பிள்ளையோ வெளியூரில். இன்று நாற்பதில் இருப்பவர்களுக்கு இப்போதே ஓய்வூதியக் கணக்கு தொடங்க வேண்டும், அதில் அரசும் முதலாளியும் பணம் போட வேண்டும். இப்போதுள்ள உதவியை நம்பியிருக்க முடியாது: ஏழை முதியவருக்கான உதவித்தொகையில், எண்பது வயது வரை, மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2006இல் வைத்த தொகை அது.