பழைய டிராக்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மதுரையில் இப்பொழுது பெரிய பேருந்து நிலையம் அமைந்திருக்கும் மாட்டுத்தாவணி, பெயரினாலேயே மாட்டுச் சந்தையை நினைவூட்டுவது. சந்தைக்கு மாடு வாங்கச் சென்ற குடியானவர், தரகன் சொல்லும் வயதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், கழுத்திலுள்ள நுகத்தடித் தழும்பைத் தடவிப் பார்ப்பார், சற்றுத் தூரம் நடக்கவிட்டு நடையைக் கவனிப்பார். அதன் பின்னரே துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். இக்காலத்தில் உழவு மாட்டின் ஸ்தானத்தை டிராக்டர் பெற்றுவிட்டது. ஆயினும் பழைய டிராக்டர் வாங்கப் புகுவோரிற் பலர், மாட்டினிடம் காட்டிய ஜாக்கிரதையில் கால் பங்கேனும் யந்திரத்தினிடம் காட்டுவதில்லை. புதிதாய்ப் பூசிய வர்ணத்தையும், மீட்டரில் தெரியும் எண்ணையும் கண்டு திருப்தியடைந்துவிடுகிறார்கள். டிராக்டருக்கும் பல் உண்டு. அதைப் பார்த்து வயதறியும் விதத்தை இங்கே விவரிப்போம்.

மைல் கணக்கன்று, மணிக்கணக்கு

காரையும் ஜீப்பையும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டு மதிப்பிடுகிறோம். டிராக்டருக்கு இக்கணக்குப் பொருந்தாது. உழவில் அது மெல்ல ஊர்ந்து செல்கிறது. கதிரடிக்கும் யந்திரத்தையோ தண்ணீர்ப் பம்பையோ இயக்கும்போது நின்ற இடத்திலேயே நின்று உழைக்கிறது. சக்கரம் உருளாவிடினும் என்ஜின் தேய்ந்துகொண்டே இருக்கிறது. ஆகையால் டிராக்டரின் உழைப்பை மணிக்கணக்கில் அளக்கிறார்கள். அதைக் காட்டும் கருவியே ஹவர் மீட்டர்.

கார் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது 2,500 மணி உழைப்பேயாகும். இவ்வாறு நோக்கின் 5,000 மணி ஓடிய டிராக்டர், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காருக்குச் சமானம். அதுவும் அம்மணிகளிற் பெரும்பகுதியைப் பாரம் இழுத்தே கழித்திருக்கும்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் மீட்டர் ஒரு கேபிளின் மூலம் என்ஜினோடு இணைக்கப்பட்டிருக்கும். இவ்வகை மீட்டர் கடிகார மணியைக் காட்டுவதன்று. என்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் ஒரு மணி நேரம் சுழன்றால்தான் அது ஒரு மணி காட்டும். பாதி வேகத்தில் சுழன்றால் அரை மணியே காட்டும். அண்மைக் காலத்து மின்னணு மீட்டர்களோ பொதுவாகக் கடிகார மணியையே காட்டுகின்றன. ஆதலால் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு டிராக்டர்கள் ஒரே அளவு உழைத்தவை என்று கொள்ளலாகாது.

மீட்டரை ஏமாற்றுவதும் அரிதன்று. கேபிளைக் கழற்றிவிட்டால் எண் நின்றுவிடும். மீட்டரையே மாற்றினால் எண் குறைந்துவிடும். சுற்றிலும் தகரம் வெளிறியிருக்க மீட்டர் மட்டும் புதிதாய் மின்னினாலும், அதன் திருகாணிகளில் கீறல் காணப்பட்டாலும், எண் ஓடாமல் நின்றிருந்தாலும், அந்த எண்ணை அடியோடு மறந்துவிடுவதே நலம்.

பொய்க் கணக்கினால் வரும் நஷ்டம்

டிராக்டரின் ஆயுளைப் பத்தாயிரம் மணி என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஒருவர் மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய டிராக்டரை வாங்கி, உடனே 30,000 ரூபாய் செலவிட்டுப் பழுது பார்க்கிறார் என்றும், கடைசியில் அது 60,000 ரூபாய்க்கு விலைபோகும் என்றும் கொள்வோம். அவர் கையை விட்டுப் போகும் முதல் 2,70,000 ரூபாய். மீட்டர் காட்டும் 4,000 மணி மெய்யாயின், மிஞ்சியிருக்கும் 6,000 மணிக்கு மணி ஒன்றுக்கு 45 ரூபாய் விழும். உண்மையில் அது 7,000 மணி ஓடியதாயின், மிச்சம் 3,000 மணியே. மணி ஒன்றுக்கு 90 ரூபாய் விழும். டீஸல், டிரைவர் சம்பளம், இடையில் நேரும் பழுது ஆகியவை இதில் சேரவில்லை. மீட்டரில் ஓர் எண்ணை மாற்றியதனால் முதலீட்டுச் செலவு இரட்டிப்பாவதை இதனால் அறியலாம்.

எவ்வேலையில் உழைத்தது?

எத்தனை மணி உழைத்தது என்பதைப் போலவே, எந்த வேலையில் உழைத்தது என்பதும் முக்கியம். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் மூவகை உழைப்பைக் காண்கிறோம்.

முதலாவது, தொழியுழவு. 1895-ல் பெரியாற்று நீர் வைகைப் பக்கம் திருப்பப்பட்டது முதல், பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையிலும் அதற்கப்பால் மேலூர்ப் பக்கத்திலும் நெல் வயல்கள் பெருகின. இங்கே டிராக்டர் கேஜ்வீல் பூட்டிக்கொண்டு முழங்காலளவு சேற்றில் உழைக்கிறது. சேறும் நீரும் எண்ணெய் ஸீல்களைத் தாண்டி முன்சக்கரக் குடத்திலும், பின் அச்சிலும், பிரேக்கிலும் புகுகின்றன. ஆகையால் முன்சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி மேலுங்கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டமிருந்தால் பேரிங் தேய்ந்ததென்று அறியலாம். இரவு முழுவதும் நின்ற டிராக்டரில், கியர்ப் பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய் வடிக்கும் திருகைச் சிறிதே தளர்த்தச் செய்க. தண்ணீர் எண்ணெயினும் கனமானதால் அடியில் தங்கியிருந்து முதலில் வெளிவரும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தாலும் நீர் கலந்ததென்றே பொருள்.

இரண்டாவது, புழுதியுழவு. திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசற் காடுகளிலும் மானாவாரிச் செம்மண்ணிலும் உழும் டிராக்டருக்குப் புழுதியே சத்துரு. ஏர்கிளீனரைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் புழுதி என்ஜினுக்குட் சென்று பிஸ்டனையும் லைனரையும் அரைத்துவிடும். வெளித்தோற்றம் நன்றாயிருக்க உட்புறம் கெட்டிருப்பது இவ்வகையில்தான். ஏர்கிளீனரைக் கழற்றிப் பார்ப்பதோடு, அங்கிருந்து என்ஜினுக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்க. அங்கே புழுதி ஒட்டினால் அந்த டிராக்டரைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, டிரைலர் இழுப்பு. செங்கல், ஜல்லி, மணல், கரும்பு இவற்றை ஏற்றித் தார்ச்சாலையில் ஓடிய டிராக்டரில் கிளட்சும் பிரேக்கும் கியரும் அதிகமாய்த் தேய்ந்திருக்கும். டிரைலர் மாட்டும் கொக்கியின் துவாரம் நீள்வட்டமாகியிருக்கும். ஆனால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் அதிகம் வேலை செய்திராது. “வயல் வேலைக்கு மட்டுமே உபயோகித்தது” என்று விற்பவர் சொன்னால், பின் டயரின் பட்டைகளைப் பார்க்கவேண்டும். தார்ச்சாலையில் ஓடிய டயரில் பட்டைகளின் நடுப்பாகம் மொழுக்கென்று தேய்ந்திருக்கும்.

யந்திரத்தின் பற்கள்

மீட்டரை மாற்றுவோர் மற்ற உறுப்புக்கள் யாவற்றையும் மாற்றுவதில்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றை மீட்டர் எண்ணோடு ஒப்பிடுக.

1. கிளட்ச், பிரேக் பெடல்கள். மிதிபடும் இடத்தில் ரப்பர் மழுங்கி இரும்பு பளபளக்கும் டிராக்டர் 1,500 மணிதான் ஓடியது என்றால் நம்பத் தகாது. அதற்கு மாறாக, எல்லாம் பழையதாயிருக்கப் பெடல் ரப்பர் மாத்திரம் புதிதாயிருந்தாலும் சந்தேகிக்கவேண்டும்.

2. கலப்பை மாட்டும் இணைப்புக் கைகளின் உருண்டைகளும் துவாரங்களும். இவை தளர்ந்து ஆடினால் உழவு வேலை மிகுதியாய் நடந்ததென்று கொள்ளலாம்.

3. பி.டி.ஓ. தண்டின் வரிப்பற்கள். ரோட்டவேட்டரும் கதிரடிக்கும் யந்திரமும் அதிகமாய் ஓட்டியிருந்தால் இப்பற்கள் மெலிந்து கூராகியிருக்கும். என்ஜினை நிறுத்திய பின்னரே இதைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சுழலும் தண்டின் அருகே வேட்டியுடனும் துண்டுடனும் செல்வது உயிருக்கே ஆபத்து.

4. டயரில் அச்சிட்ட தேதி. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதலிரண்டு இலக்கம் வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டிராக்டர் 2019-ல் வாங்கியது, மீட்டர் 1,200 மணி காட்டுகிறது, பின் டயர்களோ 2023-ல் செய்தவை என்றால், முதல் டயர்கள் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்த காரணத்தை விற்பவர் விளக்கவேண்டும்.

5. சர்வீஸ் புத்தகம். கம்பெனிச் சர்வீஸ் நிலையத்தார் ஒவ்வொரு முறையும் தேதியையும் மணியையும் எழுதுவது வழக்கம். அவ்வெண்கள் வரிசையாய் ஏறிவந்து இன்றைய மீட்டர் எண்ணோடு பொருந்தவேண்டும். புத்தகம் தொலைந்ததென்றால், சர்வீஸ் செய்த இடத்திற்கு விற்பவரையும் அழைத்துச் சென்று விசாரிக்கலாம்.

விடியற்காலைப் பரீட்சை

சூடான என்ஜின் தன் குறைகளை மறைக்கும். ஆகையால் முதல் நாளே சொல்லிவைத்து, விடியற்காலையில், ஸ்டார்ட் செய்யுமுன் போய்ச் சேர்க. சைலன்ஸரைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாயிருந்தால் மற்றொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுக.

குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்க. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, எண்ணெய் வெளுத்திருக்கிறதா என்றும் நோக்குக. இவ்விரண்டில் ஒன்று இருப்பினும் நீரும் எண்ணெயும் கலக்குமாறு உள்ளே பழுது உண்டு.

பின்பு ஸ்டார்ட் செய்விக்க. தொடக்கத்தில் சிறிது புகை வருவது இயல்பு. சூடான பின்னும் நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. வெண்புகை நீங்காவிடில் டீஸல் சரியாய் எரியவில்லை, அல்லது நீர் உள்ளே புகுகிறது. பாரமின்றி நிற்கும்போதே கரும்புகை கக்கினால் காற்றுக் குறைவு, அல்லது பம்பிலோ இன்ஜெக்டரிலோ கோளாறு. என்ஜின் மெதுவாய் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் தளர்த்திப் பார்க்க. கொல்லன் துருத்தி போல் விட்டுவிட்டுக் காற்றும் புகையும் தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தவை. என்ஜினைப் பிரித்து வேலை செய்ய நேரும். அச்செலவை விலையிற் கழிக்காமல் வாங்கலாகாது.

வேலை வாங்கிப் பார்த்தல்

மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பது போல, டிராக்டரை உழவிலே ஒரு மணி நேரமேனும் பார்க்கவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு, உயர் கியரில் கிளட்சை மெல்ல விட்டால் என்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பாரத்துடன் செல்கையில் கியர் தானாகவே கழன்று வந்தால் பெட்டிக்குள் பல் தேய்ந்தது. இரு பிரேக்கையும் இணைத்து மிதித்தால் வண்டி ஒருபுறம் இழுக்காமல் நேராய் நிற்கவேண்டும்.

ஹைட்ராலிக்கை எண்ணெய் சூடேறிய பின்பே பரீட்சிக்கவேண்டும். கனமான ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து என்ஜினை நிறுத்துக. அது சில நிமிஷங்களாவது உயரத்திலேயே நிற்கவேண்டும். நிறுத்திய உடனே இறங்கத் தொடங்கினால் உள்ளே கசிவு உண்டு. தூக்கிய கருவிக்கு அடியில் யாரும் கையையோ காலையோ வைக்கலாகாது.

தஸ்தாவேஜுகள்

யந்திரம் நல்லதாயிருந்தும் தஸ்தாவேஜு கெட்டிருந்தால் வாங்கியவர் நிம்மதியடைய முடியாது. கிராம அதிகாரிகளிடம் வரும் தகராறுகளில் இவையும் உண்டாகையால் அவர்களும் இதைக் கவனிப்பது நலம்.

ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியிலுள்ள எண்களோடு ஒப்பிடுக. எண்ணின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு தெளிவாய் விழும். கடன் கொடுத்த பாங்கின் பெயர் புத்தகத்தில் பதிவாகியிருந்தால், பாங்கின் சம்மதக் கடிதமும், கடன் தீர்ந்ததைப் பதியும் 35-ஆம் எண் படிவமும் பெறாமல் முழுத் தொகையையும் கொடுத்துவிட வேண்டாம். சொந்த விவசாய வேலைக்கான பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பின் புதுப்பிக்கவேண்டும். சர்க்கார் மானியத்தில் பெற்ற யந்திரமாயின், விற்பதற்குத் தடை ஏதேனும் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் இலாகா அலுவலகத்தில் கேட்டறிக.

கைமாறியதைப் பதிவு செய்ய 29, 30-ஆம் எண் படிவங்கள் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி, மாகாணத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். “தெரிந்தவர்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுவது விற்றவருக்கே பெரிய ஆபத்து. வண்டி பலமுறை கைமாறியிருப்பினும், விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுக்குப் பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்ஷ்யூரன்ஸையும் உடனே வாங்கியவர் பெயருக்கு மாற்றவேண்டும்.

விற்பனை ஒப்பந்தத்தில் விலையோடு மீட்டர் காட்டும் மணியையும், அது மெய்யென்று விற்பவர் கூறுவதையும் எழுதிக் கையொப்பம் பெறுக. மெய்யென்று கையொப்பமிடத் தயங்குபவரின் மீட்டரை நாமும் நம்ப வேண்டியதில்லை.

முடிவு

எல்லாப் பரீட்சையிலும் தேறும் பழைய டிராக்டர் கிடைப்பது அரிது. குறையுள்ளதை வாங்கலாகாது என்பது நம் கருத்தன்று. குறையை அறிந்து, அதைத் தீர்க்கும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு, விலையிற் கழித்து வாங்கவேண்டும் என்பதே. ஆண்டில் சில நாள் உழவே உள்ள சிறு நிலக்காரர், வேளாண்மைப் பொறியியல் இலாகா வாடகைக்கு விடும் டிராக்டரை அமர்த்திக்கொள்வதே அனுகூலமா என்றும் கணக்கிட்டுப் பார்க்கட்டும். வாங்குவதென்று துணிந்தவர் மீட்டரைக் கடைசியிற் பார்க்கட்டும். பெடலும், டயரும், பி.டி.ஓ. தண்டும், விடியற்காலைப் புகையும் ஒரே வயதைச் சொல்லுமானால், அதுவே அந்த டிராக்டரின் உண்மையான வயது.