பூட்டிய அறையும் மாற்றுப் பிரதியும்

சிதம்பரத்திலிருந்து மேற்கு நோக்கிக் குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலை, பேருந்தில் ஏறி அமர்ந்தவன் சற்றே கண்ணயர்ந்து விழிப்பதற்குள் முடிந்துவிடும் சிறிய தூரமே ஆயினும், அழிந்தொழியும் தறுவாயிலிருந்த தமிழ் நூல்கள் மீட்கப்பட்ட சரித்திரத்தில் அதற்கு நிகரான சாலை வேறில்லை. அதன் கீழ்க்கோடியில் தேவார ஏடுகள் கிடைத்தன. மேற்கோடியில், வீராணம் ஏரிக்கரையில், நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தேடிப் புறப்பட்ட நாதமுனிகள் அவதரித்தார். இடையே, குமராட்சியை அடுத்த திருநாரையூரில், திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி பிறந்தார். கணிப்பொறி பழுதாகிவிட்டால் அதனுள் சேமித்த கடவுச்சொற்களைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்பது எங்ஙனம் என்னும் இக்காலத்து வினாவுக்கு உரிய ஆதார தத்துவங்கள் பெரும்பாலும் இவ்விரு மீட்புகளிலும் அடங்கியிருக்கின்றன.

உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறுவது இது. தேவார ஏடுகளைத் தேடிய சோழ மன்னன் (முதலாம் ராஜராஜனே அவன் என்பது பெருவழக்கு) திருநாரையூர் சென்று நம்பியை வணங்கிக் கேட்டான். அவ்வூர்ப் பொல்லாப் பிள்ளையாரின் திருவருளால் நம்பி, ஏடுகள் தில்லைப் பொன்னம்பலத்தின் மேற்குப் புறத்து அறையில் மூவர் முதலிகளின் கை இலச்சினையோடு அடைபட்டுள்ளன என்று உரைத்தார். வைத்த மூவரும் நேரில் வந்தாலன்றிக் கதவைத் திறக்கலாகாது என்று தில்லைவாழ் அந்தணர் மறுத்தனர். மூவருமோ எப்போதோ முத்தி பெற்றவர்கள். மன்னன் அவர்களுடைய திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறைவாயிலில் நிறுத்தவே, கதவு திறந்தது. உள்ளே ஏடுகளை மூடிக் கறையான் புற்று வளர்ந்திருந்தது. குடங்குடமாக எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தபோது, சம்பந்தர் 16,000, அப்பர் 49,000, சுந்தரர் 38,000 எனப் பாடியதாகச் சொல்லப்படும் 1,03,000 பதிகங்களில் எஞ்சியவை ஏறத்தாழ 800. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

இந்த ஐதீகத்தை எத்தனை முறை படித்தாலும் மனம் பதைக்கிறது. அறையின் காவலில் யாதொரு குறையும் இல்லை; அந்நியர் எவரும் நுழையவில்லை; இலச்சினை கலையவில்லை. எனினும் செல்வம் போயிற்று. ரகசியத்தைக் காப்பது ஒரு காரியம், பொருளைக் காப்பது பிறிதொரு காரியம் என்பதும், முன்னதில் முழு வெற்றி பெற்றவர் பின்னதில் முற்றிலும் தோற்கக்கூடும் என்பதும் இதைக்காட்டிலும் தெளிவாக விளங்க இயலாது. எல்லாம் ஓரிடத்தில், ஓலை என்னும் ஒரே ஊடகத்தில், திறக்கும் அதிகாரம் இல்லாமற்போனவர்களின் பெயரில் இருந்தது. மாறாக, திருவிடைவாய் என்னும் ஊரின் கோயிற் சுவரில் எவரோ ஒரு புண்ணியவான் சம்பந்தர் பதிகமொன்றைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார். ஏடுகள் எதிலும் காணப்படாத அப்பதிகம் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் கல்வெட்டாய்வில் வெளிப்பட்டு, இன்று தேவாரப் பதிப்புகளில் இடம்பெறுகிறது. மூன்று பிரதிகள், இரு வேறு ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்று கணிப்பொறி வல்லுநர் இன்று விதிக்கும் நியமத்தின் பயனை அந்தக் கல் மெய்ப்பித்திருக்கிறது.

மூவர் இலச்சினை என்ற ஏற்பாடும் ஆராயத் தக்கது. மூவரும் கூடினாலன்றித் திறவாத பூட்டு, திருட்டுக்கு அஞ்சத் தேவையில்லாதது. ஆனால் ஒருவர் மறைந்தாலும் என்றென்றைக்கும் திறவாதது. இச்சிக்கலுக்கு 1979-ஆம் ஆண்டில் ஆதி ஷமீர் என்னும் கணித மேதை அளித்த தீர்வு பள்ளிக்கூடக் கணிதத்தையே ஆதாரமாகக் கொண்டது. வரைபடத்தாளில் ஒரு நேர்கோடு போடுகிறோம். அது நெடுக்கு அச்சை வெட்டும் இடத்து எண்ணே நம் ரகசியம். கோட்டின்மேல் மூன்று புள்ளிகளைத் தெரிந்தெடுத்து மூவரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டுக் கோட்டை அழித்துவிடுகிறோம். எந்த இருவர் சேர்ந்தாலும் இரு புள்ளிகளை இணைத்துக் கோட்டை மீண்டும் வரைந்து ரகசியத்தை அறியலாம். ஒருவர் மட்டும் இருந்தால், ஒரு புள்ளி வழியே எண்ணிறந்த கோடுகள் செல்லுமாதலால், அவருக்கு எதுவுமே தெரியவராது. கணவன், மனைவி, உடன்பிறந்தான் என மூவரிடம் இவ்வாறு பகிர்ந்து வைத்த திறவுகோல், ஒருவர் காலமானாலும் குடும்பத்தின் கையை விட்டுப் போகாது.

இனி, கடவுச்சொல் பேழை என்பது யாதென நோக்குவோம். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், ரயில் முன்பதிவு, வருமான வரி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைத்து, அவை அனைத்தையும் மறையாக்கம் செய்த ஒரே கோப்பில் அடக்கி, அக்கோப்பைத் திறக்கும் ஒரு தலைமைக் கடவுச்சொல்லை மட்டும் நினைவில் இருத்துவது இம்முறை. டொமினிக் ரைக்ல் 2003-இல் வெளியிட்ட கீபாஸ் இவ்வகையில் புகழ்பெற்ற இலவச மென்பொருள். நாம் தட்டும் தலைமைச் சொல்லே திறவுகோல் அன்று; அச்சொல்லோடு தற்செயலாகத் தெரிந்தெடுத்த ஓர் எண்ணைக் கலந்து, பல லட்சம் முறை கணக்கிட்டுப் பிசைந்து பெறப்படும் 256 இரும இலக்கங்களே மெய்யான திறவுகோல். அவ்வளவு சுற்றுகள் எதற்கு என்பதை விளக்க நாதமுனிகளின் சரித்திரம் துணைக்கு வருகிறது.

காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் திருக்குடந்தை ஆராவமுதன்மீது பத்துப் பாசுரங்களை ஓதக் கேட்டு, அவை ஆயிரத்துள் ஒரு பத்து என்பதை அப்பாசுரங்களிலிருந்தே உணர்ந்த நாதமுனிகள், எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூர் சென்றார். மதுரகவியாழ்வார் அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பின் 11 பாசுரங்களையும் 12,000 முறை ஜபித்தால் நம்மாழ்வார் பிரசன்னமாவார் என்று அங்கே பராங்குசதாசர் உபதேசிக்க, அவ்வண்ணமே செய்து நாலாயிரத்தையும் பெற்றார் என்பது வைணவ சம்பிரதாயம். பாசுரம் ஒன்றுக்குப் பத்து விநாடி எனக் கொண்டாலும், ஊண் உறக்கமின்றிப் பதினைந்து நாட்களுக்கு மேலாகும். சரியான மந்திரத்தை அறிந்தவர் அந்தச் சிரமத்தை ஒருமுறை பட்டால் போதும். மந்திரம் அறியாமல் ஊகித்துப் பார்ப்பவரோ ஒவ்வொரு தவறான ஊகத்துக்கும் மீண்டும் அத்தனை நாள் செலவிட வேண்டும். கணிப்பொறியின் லட்சக்கணக்கான சுற்றுகளும் இதே பணியைச் செய்கின்றன. உரியவருக்கு ஒரு கணம் தாமதம். கோடிக்கணக்கான ஊகங்களைச் சோதிக்க முனையும் திருடனுக்கு அது யுகக் கணக்காகப் பெருகுகிறது. 2015-இல் உலகப் போட்டியொன்றில் முதலிடம் பெற்ற ஆர்கான்2 முறை, காலத்தோடு நினைவகத்தையும் மிகுதியாகக் கோருவதால் இன்னும் வலிது.

இவ்வளவு வலிய பூட்டு என்பதாலேயே, கணிப்பொறி விழுந்துவிட்டால் மீட்புக்கு இரண்டு பொருள்கள் தவறாமல் வேண்டும்: கோப்பின் பழுதற்ற பிரதி, தலைமைச் சொல். கோப்பின் முகப்பில் முன்சொன்ன தற்செயல் எண் எழுதப்பட்டிருக்கிறது; அந்தச் சில எழுத்துகள் சிதைந்தாலும், சரியான சொல்லைத் தட்டியும் பேழை திறவாது. உலாவியில் சேமித்தவர்களின் நிலையும் கவனிக்கத்தக்கது. பயர்பாக்ஸ், கடவுச்சொற்களை 'லாகின்ஸ்' என்ற கோப்பிலும், அவற்றைத் திறக்கும் சாவியைக் 'கீ4' என்ற கோப்பிலும் பிரித்து வைக்கிறது. பழைய வட்டிலிருந்து முன்னதை மட்டும் பென் டிரைவில் எடுத்துவந்தவருக்குக் கிடைப்பது வெறும் எழுத்துக் குவியல். விண்டோஸில் குரோம் சேமித்தவையோ அக்கணிப்பொறியின் பயனர் கணக்கோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கோப்பை வேறு கணிப்பொறிக்கு மாற்றிய மாத்திரத்தில் திறப்பதில்லை.

கணிப்பொறி இயங்கவில்லை என்றதும் தரவு போயிற்று என்று மனமுடைய வேண்டியதில்லை. தாய்ப்பலகை எரிந்திருந்து வட்டு நலமாயிருந்தால், அதைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் கேபிள் மூலம் இணைத்தாலே கோப்பு பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். ஹார்டு டிஸ்க் டிக் டிக்கென்று ஒலித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மீண்டும் மீண்டும் ஓடவிடுவது காந்தத் தகட்டைச் சுரண்டச் செய்வதாகும். கொள்ளிடத்தின் உபரி நீர் புகும் படுகைக் கிராமங்களிலும், 2015-ஆம் ஆண்டு இறுதியின் பெருமழையைக் கண்ட கடலூர் மாவட்டத்தின் பிற பகுதிகளிலும், நனைந்த கருவியை உலர்ந்துவிட்டதென்று நம்பி இயக்கிப் பார்ப்பதே எஞ்சியதையும் அழித்துவிடும். பழுதான வட்டை முதலில் முழுமையாகப் பிரதி செய்துகொண்டு, அப்பிரதியிலேயே தேட வேண்டும் என்பது மீட்பாளர்களின் முதல் விதி. எஸ்.எஸ்.டி. வகையில் அழிக்கப்பட்ட கோப்பின் இடத்தை அக்கருவியே துடைத்துவிடுவதால், தவறி அழித்ததை மீட்கும் நம்பிக்கை மிகக் குறைவு.

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று மயங்குவோர் பலர். கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் இடையே பேழை தானே புதுப்பித்துக்கொள்வது வசதிதான். ஆயினும் ஒரு பக்கத்தில் நேர்ந்த அழிவும் அதே விரைவில் மறுபக்கம் போய்ச் சேரும். நாள் குறித்து எடுத்து, இணைப்பிலிருந்து துண்டித்து வைத்த பிரதியே காப்பு. அப்பிரதியும் திருடப்படலாம் என்பதை 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் அனுபவம் காட்டிற்று: வாடிக்கையாளர் பேழைகளின் காப்புப் பிரதிகளே களவுபோயின. அவற்றுள் கடவுச்சொற்கள் மறையாக்கம் பெற்றிருந்தன, இணைய முகவரிகள் அவ்வாறு இல்லை. பழைய கணக்குகள் சிலவற்றில் சுற்றுகளின் எண்ணிக்கையும் குறைவாயிருந்தது. ஆகவே தலைமைச் சொல் நீண்டதாக இருத்தலும், அதைத் தாளில் எழுதிக் கோப்பிருக்கும் இடத்துக்கு அப்பால், வங்கி லாக்கரிலோ நம்பத்தக்க உறவினரிடத்தோ வைத்தலும் அவசியம்.

பிரதி உண்மையில் திறக்கிறதா என்பதை விபத்துக்கு முன்பே வேறொரு கணிப்பொறியில் சோதித்தவருக்கு மீட்பு ஒரு மாலைப்பொழுதின் வேலை. மென்பொருளைப் புதிதாக நிறுவி, காப்புக் கோப்பை நேரடியாகத் திறவாமல் அதன் நகலைத் திறந்து, கடைசியாகப் பிரதி எடுத்த தேதியை முதலில் பார்க்க வேண்டும். அத்தேதிக்குப் பின் மாற்றிய கடவுச்சொற்கள் அதில் இரா. 'மறந்துவிட்டது' என்ற வழியாக அவற்றை ஒவ்வொன்றாகப் புதுப்பித்தாக வேண்டும். அதற்கான இணைப்புகள் யாவும் மின்னஞ்சலுக்கே வருமாதலால் மின்னஞ்சல் முதலிலும், அடுத்தபடியாக வங்கியும், பிறகு மற்றவையும் என்ற வரிசையில் செய்து, முடிந்தவுடன் புதிய பிரதி எடுத்து, அதன்மேல் அன்றைய தேதியைக் குறித்துப் பழையதற்குப் பக்கத்தில் அல்லாமல் வேறிடத்தில் வைக்க வேண்டும்.