எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் எள்



எண்ணெய் என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் எள், நெய் என்னும் இரண்டு சொற்கள் புலப்படும். ஆதியில் எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் அப்பெயர் தேங்காய்க்கும் ஆமணக்குக்கும் வேம்புக்கும் பொதுவாகிவிட, எள்ளின் நெய்யை நல்லெண்ணெய் என்று வேறாகச் சுட்ட நேர்ந்தது. இலக்கண வகுப்பிலே சுவையாகத் தோன்றும் இச்செய்தி, பிள்ளைக்கு எள் ஒவ்வாது என்று வைத்தியர் சொல்லக் கேட்டுவந்த குடும்பத்துக்கு வேறு பொருள் தரும். சொல்லுக்குள் மறைந்திருப்பதுபோலவே எள் உணவுக்குள்ளும் மறைந்திருக்கிறது.

ஒவ்வாமை என்பது யாது? எள்ளிலுள்ள புரதத்தைப் பகையென்று பிழையாகக் கருதி, உடலின் காப்புச் சக்தி பொங்கியெழுவதே அது. சிலருக்குத் தோல் தடித்துச் சொறியும், உதடு வீங்கும், வாந்தி வரும். கடுமையானால் மூச்சு அடைபட்டு, இரத்த அழுத்தமும் வீழ்ந்துவிடும். எள்ளை வறுப்பதால் இவ்வபாயம் நீங்குவதில்லை. "எண்ணெய் கொழுப்புத்தானே, அது என்ன செய்யும்?" என்பாரும் உளர். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் புரதம் எஞ்சி நிற்கும் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

எள்ளுருண்டையைக் கண்டு விலகுவது எளிது. முறுக்கிலும், தோசைப்பொடியிலும், ஊறுகாயிலும், பணிசின் மேற்புறத்திலும் உள்ளதைக் காண்பதே அரிது. எள் அரைத்த ஆலையிலேயே நமது மிளகாய்த்தூளும் அரைபடலாம். பெயர்களோ பல. சிங்களத்தில் அது தல. ஆங்கிலப் பொதிகளில் செசமி அல்லது ஜிஞ்சலி. அரபு நாட்டு உணவில் தஹினி. இப்பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோவது நன்று.

2016ஆம் ஆண்டு லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய பாணை உண்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். எள் பாணின் மேலே தூவப்படவில்லை, மாவிலேயே கலந்திருந்தது. பொதியில் அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் பயனாக, கடையிலேயே தயாரித்துப் பொதிசெய்யும் உணவுகளுக்கும் சேர்மானங்களை முழுமையாக எழுதவேண்டும் என்ற சட்டம் 2021 ஒக்டோபரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளைக் குறிப்பிடுவது கட்டாயம். ஆனால் அங்கே சில வெதுப்பகத்தார், எள் படாமற் காப்பதைவிட எள்ளைச் சேர்த்தே எழுதிவிடுவது இலகுவென்று கண்டனர்! சட்டத்தின் எழுத்து வென்றது, நோக்கம் தோற்றது.

ஒவ்வாமைக் குளிசை கடுந்தாக்கத்தை நிறுத்தாது. வைத்தியர் அட்ரினலின் ஊசி கொடுத்திருப்பின், அதைத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே ஏற்றி வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். பிள்ளையை எழுந்து நடக்க விடலாகாது. வகுப்பாசிரியரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது உறவினரின் உபசாரம். பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் கொடுப்பது எம்மவர் வழக்கம். வேண்டாமென்றால் பேத்தியார் மனம் நோவார். அவரை வைத்தியரிடம் உடன் அழைத்துச் சென்று, காரணத்தை அவர் காதாலேயே கேட்கச் செய்வது, வீட்டில் நூறு முறை வாதிடுவதிலும் பயன் தரும். பசுநெய் ஒவ்வும் பிள்ளையாயின், களியை அந்த நெய்யிலே கிண்டலாம். கிண்டும் அகப்பையும் சட்டியும் மட்டும் புதியனவாக இருக்கட்டும்.