தபால் பெட்டி எண் 237

காதல் படங்களில் ஹீரோ என்ன வேலை பார்க்கிறான் என்று கவனித்ததுண்டா? காலையில் டூயட், மாலையில் ஃபைட். ஆபீஸுக்கு எப்போது போகிறான், யார் சம்பளம் கொடுக்கிறார்கள்... ஆண்டவனுக்கே வெளிச்சம்!

1940-ல் வந்த 'தி ஷாப் அரௌண்ட் தி கார்னர்' அந்த ரகம் இல்லை. ஹங்கேரிக்காரர் மிக்லோஷ் லாஸ்லோ எழுதிய 'பர்ஃப்யூமரி' என்ற மேடை நாடகம்தான் மூலம். டைரக்டர் எர்ன்ஸ்ட் லூபிட்ச், வாலிபத்தில் பெர்லினில் அப்பாவின் தையல் கடையில் கணக்கு எழுதியவர். சிப்பந்திகளின் வயிற்றுக் கலக்கம் அவருக்குத் தெரியாதா என்ன?

புடாபெஸ்ட் நகரில் ஒரு தோல் சாமான் கடை. சீனியர் சேல்ஸ்மேன் க்ராலிக் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்). புதிதாகச் சேர்ந்தவள் கிளாரா (மார்கரெட் சல்லவன்). இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் இருவருமே முகம் தெரியாத ஒருவருக்கு உருகி உருகிக் கடிதம் எழுதுகிறார்கள். அந்த ஒருவர், பகலெல்லாம் பக்கத்தில் நின்று எரிந்து விழும் இதே ஆசாமிதான் என்று இருவருக்கும் தெரியாது!

கடையில் பிரோவிச் என்று ஒரு ஊழியர். முதலாளி 'உண்மையான அபிப்பிராயம்' கேட்டால் போதும், மனுஷன் மாடிப்படியில் ஓடி மறைந்துவிடுவார். எந்த ஆபீஸில் இல்லை ஒரு பிரோவிச்?

கடிதக் காதலியை முதன்முதலாகச் சந்திக்க வேண்டிய அன்று க்ராலிக்குக்கு வேலை போகிறது. முதலாளிக்குத் தன் மனைவி மேல் சந்தேகம். பழி இவன் தலையில். உண்மையில் தப்பு செய்தது கடையின் நம்பர் ஒன் ஜால்ரா! வேலை இல்லாதவன் எந்த முகத்தோடு அவள் எதிரே உட்காருவது? கண்ணாடி வழியாகப் பிரோவிச்சை எட்டிப் பார்க்கச் சொல்கிறான். உள்ளே... கிளாரா! விஷயத்தை மறைத்துக்கொண்டு பேசப் போகிறான். 'நீ ஒரு அற்ப சிப்பந்தி' என்கிற தோரணையில் விளாசுகிறாள். அதுவும் அன்றைக்குப் பார்த்து!

பிறகு வருகிறது அந்தக் காட்சி. தபால் ஆபீஸில் பெட்டி எண் 237. கையுறை போட்ட கை ஒன்று உள்ளே துழாவுகிறது. கடிதம் இல்லை. அப்புறம் குனிந்து பார்க்கும் கிளாராவின் முகம். வசனமே கிடையாது. கடையில் சீறியவள் இவள்தானா என்று நமக்கே மனசு கலங்கிவிடும்.

1998-ல் ஈமெயில் வைத்து இதையே 'யூ ஹாவ் காட் மெயில்' என்று எடுத்தார்கள். அங்கே ஹீரோ பெரிய புத்தகக் கடைகளின் வாரிசு. சீட்டுக் கிழியும் பயம் அவனுக்கு ஏது?

முதலாளி பயம், சம்பளக் கவலை, எரிச்சல் எல்லாவற்றையும் கழித்தால் பாக்கி நிற்கும் க்ராலிக்தான் அந்தக் கடிதங்களை எழுதியவன். நாளைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எரிந்து விழுந்தால், இந்தக் கழித்தல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள் சார்!