வீடு நம் பெயரில் பதிவாகட்டும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் பொருளைத் தோட்டப்புற மக்களைவிட நன்கு உணர்ந்தவர் இலர். முப்பது, நாற்பது ஆண்டுகள் பால்மரக் காட்டில் உழைத்தவராயினும், அவர் குடியிருக்கும் வீடு தோட்ட நிர்வாகத்திற்கு உரியது. ஓய்வு பெறும் நாளிலோ, தோட்டம் கைமாறும் நாளிலோ அவ்வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலை வரலாம். ஆகவே, வேலையில் இருக்கும்போதே சொந்த வீட்டைப் பற்றி எண்ணுவது அறிவுடைமை. ஆனால், பல்லாண்டுச் சேமிப்பைக் கொடுத்த பின்னர், வீடு தமக்கு உரியதாகவில்லை என்பதைக் காலங்கடந்து அறிந்து வருந்துவோரும் உளர். அத்தகைய துன்பம் நேராதிருக்க, தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள சட்டத்தின் அடிப்படையில், பலரும் கேட்கும் வினாக்களுக்கு இங்கு விடை தருகிறோம்.

வீடு எப்போது என்னுடையதாகிறது?

பணம் கொடுக்கும்போதன்று, சாவியைப் பெறும்போதும் அன்று. தேசிய நிலச் சட்டத்தின்படி, நிலப் பதிவேட்டில் உரிமையாளராக உங்கள் பெயர் பதிவாகும்போதுதான் நிலமும் அதன்மேலுள்ள வீடும் உங்களுடையவை ஆகின்றன. விற்பவரும் வாங்குபவரும் கையொப்பமிட்ட ‘14ஏ’ பாரத்தை நில அலுவலகத்தில் பதிவு செய்வதே பெயர் மாற்றத்திற்குரிய வழி. ஒரு தாளில் எழுதி, இருவர் சாட்சிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது பெயர் மாற்றம் ஆகாது. அத்தாள் பின்னர் வழக்காடுவதற்கு உதவலாம். பட்டாவில் உங்கள் பெயரை ஏற்றாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

மலாய் மொழியில் ‘கெரான்’ எனப்படும் நிலப்பட்டாவைப் பார்க்க வேண்டும். விற்பவர் காட்டும் நகலை மட்டும் நம்பாமல், நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, ‘சாரியான்’ எனப்படும் பதிவேட்டுச் சோதனையைச் செய்தல் வேண்டும். விற்பவர்தாம் உண்மையான உரிமையாளரா, நிலம் வங்கியில் அடமானத்தில் உள்ளதா, வேறொருவர் தடைக் குறிப்பு இட்டுள்ளாரா, நிலம் கட்டடத்திற்கு உரியதா, விவசாயத்திற்கு உரியதா என்பனவெல்லாம் அதில் தெரியவரும். 99 ஆண்டுக் குத்தகை நிலமாயின், எஞ்சியுள்ள ஆண்டுகள் எத்தனை என்பதையும், பெயர் மாற்றத்திற்கு மாநில அரசின் இசைவு வேண்டுமா என்பதையும் அறிந்துகொள்க. மலாய் ஒதுக்கீட்டு நிலமாயின், அதனை மலாய்க்காரர் அல்லாதார் பெயருக்கு மாற்றப் பொதுவாகச் சட்டம் இடந்தராது.

விவசாய நிலத்தில் ஒரு மனைத்துண்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

இங்குதான் மிகுந்த விழிப்பு வேண்டும். பொதுவாக, விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் குறைவான துண்டுகளாகப் பிரித்துத் தனிப்பட்டா பெற இயலாது. இரண்டு ஏக்கர் நிலத்தை இருபது பேருக்கு விற்கிறார் ஒருவர் என்று கொள்வோம். வேலி போட்டு, எண்ணிட்டுக் காட்டினாலும், அந்த இருபது பேருக்கும் இருபது பட்டாக்கள் கிடைப்பதில்லை. கூட்டுரிமையில் ஒரு பங்கு வேண்டுமானால் பதிவாகலாம். ‘இந்த மூலை என்னுடையது’ என்று சொல்லும் உரிமை அதனால் வாராது. மேலும், அந்நிலத்தில் வரிசையாக வீடுகள் எழுப்புவது நில நிபந்தனையை மீறுவதாகலாம். நிபந்தனை மீறப்பட்ட நிலத்தை அரசு பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

புதிய வீடமைப்புத் திட்டத்தில் வாங்கினால் என்ன பாதுகாப்பு உண்டு?

1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் வாங்குவோரைக் காக்கின்றது. மேம்பாட்டு நிறுவனம் உரிமமும் விளம்பர அனுமதியும் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வெண்களைக் கேட்டு வாங்கி, வீடமைப்பு அமைச்சில் சரிபார்க்கலாம். ஒப்பந்தத்தின் வாசகம் சட்டத்தாலேயே வகுக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தம் கையொப்பமாகும் முன் ‘புக்கிங்’ பணம் வசூலிப்பது விதிக்கு முரணானது. கையொப்பமிடும்போது விலையில் 10 விழுக்காடு செலுத்துதல் வேண்டும். வழக்கமான ஒப்பந்தத்தில் தரைவீட்டை 24 மாதங்களிலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதங்களிலும் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால், விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்னும் கணக்கில் நாள்வாரியாக இழப்பீடு கோரலாம். வீடு கிடைத்தபின் 24 மாதங்களுக்குள் தோன்றும் கட்டுமானக் குறைகளைச் செலவின்றிச் செப்பனிட்டுத் தருவதும் நிறுவனத்தின் கடமை.

பழைய வீட்டை வாங்குவோர் எவ்வாறு நடந்துகொள்வது?

இவ்வகையில் முதலில் 10 விழுக்காடும், எஞ்சியதை ஏறத்தாழ மூன்று மாதங்களிலும் செலுத்துவது வழக்கம். இடைப்பட்ட காலத்தில் விற்பவர் வேறொருவருக்கு விற்றுவிடாதிருக்க, உங்கள் வழக்கறிஞர் வாயிலாகப் பட்டாவில் ‘கேவியட்’ எனப்படும் தடைக் குறிப்பை இடுதல் நலம். வழக்கறிஞரிடம் செல்லும்போது, “நீங்கள் எனக்காகச் செயற்படுகிறீர்களா, விற்பவருக்காகவா?” என்று தயங்காது கேளுங்கள். உங்களுக்கென ஒருவரை அமர்த்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டு விலை தவிர வேறு செலவுகள் உண்டா?

உண்டு. வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் உள்ளன. பெயர் மாற்றத்திற்கான முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடும், அதற்குமேல் 500,000 வெள்ளிவரை 2 விழுக்காடுமாகும். எனவே 200,000 வெள்ளி வீட்டிற்கு வரி 3,000 வெள்ளி. முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் காலவரை குறித்து விலக்களிப்பதுண்டு. வாங்கும் சமயத்தில் அதனைக் கேட்டறிக. ஊழியர் சேமநிதியில் 55 வயதுக்குட்பட்டோர், 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் ‘அக்காவுன் செஜாத்ரா’ எனப்படும் கணக்கிலிருந்து வீட்டிற்காகப் பணம் எடுக்கலாம். ஒப்பந்தம் கையொப்பமான மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வங்கிக் கடன் தீர்ந்ததும் எல்லாம் முடிந்ததா?

இல்லை. பட்டாவிலுள்ள அடமானப் பதிவை நீக்கி, மூலப் பட்டாவைக் கையில் பெறுதல் வேண்டும். சில திட்டங்களில் சாவி கிடைத்த பின்னரே தனிப்பட்டா வெளியாகும். அது வெளியானதாக அறிவிப்பு வந்தால், செலவுக்கு அஞ்சி ஒதுக்கி வைக்காமல் உடனே பெயர் மாற்றம் செய்துகொள்க. உரிமையாளர் காலமான பின் பிள்ளைகள் அலையும் அலைச்சல் இதனால் பெரிதும் குறையும்.

இறுதியாக ஒன்று: நிரப்பப்படாத பாரத்தில் எவர் சொல்லியும் கையொப்பமிடாதீர். புரியாத பத்திரத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது பெறுங்கள். ‘பட்டாவில் என் பெயர் எப்போது ஏறும்?’ என்னும் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பணத்தை எடுக்காதீர்கள்.