உங்களுக்குத் தெரியுமா? குதிரைவாலியிலும் பீட்சா!

பீட்சா மாவு ரப்பர் மாதிரி இழுபடுவதற்குக் காரணம் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம். சிலரது குடலுக்கு அது ஆகாது. இந்தச் ‘சீலியாக்’ நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை 1950-இல் தன் ஆய்வேட்டில் விளக்கியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் மழையை நம்பி விளையும் குதிரைவாலி, கம்பு, சோளம் எதிலுமே குளூட்டன் கிடையாது. அதனால்தான் கம்பு ரொட்டி தட்டும்போது ஓரம் விரிசல் விடுகிறது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிரும். கொதிக்கும் நீர் பட்டால் மாவிலுள்ள ஸ்டார்ச் பசையாகிப் பிடித்துக்கொள்ளும். நம் ஆத்தாக்களுக்கு இது பழைய பாடம்.

குதிரைவாலி பீட்சாவுக்கும் இதே வழிதான். முதலில் சுரைக்காயைத் துருவி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, துணியில் இறுக்கிப் பிழியுங்கள். இங்கே சோம்பினால் பீட்சாவின் அடித்தளம் கொழகொழவென்று ஆகிவிடும். பிழிந்த துருவல் ஒரு கப், குதிரைவாலி மாவு ஒரு கப். பிழிந்த சாற்றையே கொதிக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையலாம். வாழையிலையில் அடை போலத் தட்டி, தோசைக்கல்லில் மூடிபோட்டு இருபுறமும் வேகவிட்ட பிறகுதான் மேலே தக்காளி, வெங்காயம், சீஸ் எல்லாம். முருங்கைக்கீரை தூவினால் என் ஓட்டு அதற்கே!

குளூட்டன் ஆகாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம். ரவையும் கோதுமைதான்.